எல்லாக் குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாக் குழந்தையும் ஃபித்ராவில்தான் பிறக்கிறது என்று ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) கேட்டேன். அப்படியென்றால் எல்லோரும் முஸ்லிமாகவே பிறக்கிறார்கள் என்று அர்த்தமா? மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்று இஸ்லாம் சொல்கிறதா? முஸ்லிம் அல்லாதவர் வீட்டுக் குழந்தை சின்ன வயதிலேயே இறந்துபோனால் அதன் நிலை என்ன?"

மூன்றும் ஒரே ஹதீஸில் (நபிமொழியில்) வந்து சேர்கிற கேள்விகள். அதனால் அந்த ஹதீஸையே மையமாக வைத்துச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிவிடுவோம். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஏழைகளுக்கு அரிசியாகவோ காசாகவோ கொடுக்கிறோமே, அந்த ஃபித்ரா வேறு. இங்கே பேச்சு, அல்லாஹ் மனிதனைப் படைத்தபோதே அவனுக்குள் வைத்த இயல்பைப் பற்றி. தன்னைப் படைத்தவனை நாடுவது, உண்மையைக் கண்டால் ஏற்கத் தயாராக இருப்பது, நன்மையில் மனம் அமைதியடைவது, தீமையில் உறுத்துவது எல்லாம் அந்த இயல்பில் அடங்கும்.

குர்ஆனில் இதன் அடிப்படை 30ஆவது அத்தியாயமான அர்ரூமின் 30ஆவது வசனம். நேரிய வழியில் நின்று உங்கள் முகத்தை இந்த மார்க்கத்தின் பக்கம் நிலைநிறுத்துங்கள், எந்த இயல்பின் மீது அல்லாஹ் மனிதர்களைப் படைத்தானோ அந்த இயல்பு இதுவே, அல்லாஹ்வின் படைப்பில் மாற்றம் இல்லை என்பது அதன் கருத்து. இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது 7:172. ஆதமின் மக்களின் முதுகுகளிலிருந்து அவர்களுடைய சந்ததிகளை வெளிப்படுத்தி, "நான் உங்கள் ரப்பு (இறைவன்) அல்லவா?" என்று அல்லாஹ் கேட்க, "ஆம், சாட்சி சொல்கிறோம்" என்று எல்லோரும் சொன்ன அந்த உடன்படிக்கை. நம்மில் யாருக்கும் அந்த நாள் நினைவில் இல்லை. ஆனால் அதன் தடம் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது, அதுதான் ஃபித்ரா என்று விளக்கிய அறிஞர்கள் உண்டு.

இனி ஹதீஸ். நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. "பிறக்கும் எந்தக் குழந்தையும் ஃபித்ராவின் மீதே பிறக்கிறது. பிறகு அதன் பெற்றோர்தான் அதை யூதராகவோ கிறித்தவராகவோ நெருப்பு வணங்கியாகவோ ஆக்குகிறார்கள். ஒரு விலங்கு முழுமையான உடலோடு குட்டி போடுவதைப் போல. காது அறுபட்ட குட்டி எதையாவது நீங்கள் பார்த்ததுண்டா?" இதைச் சொல்லிவிட்டு அபூஹுரைரா, விருப்பமிருந்தால் ஓதிப் பாருங்கள் என்று மேலே சொன்ன 30:30 வசனத்தை ஓதுவார்.

இந்த ஹதீஸைச் சொல்பவர்கள் அந்தக் காது அறுபட்ட குட்டியை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அன்றைய அரபிகள் சில ஒட்டகங்களின் காதைக் கிழித்து, இனி இது சிலைகளுக்கு நேர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். அதற்கு பஹீரா என்று பெயர். அதன் பாலை யாரும் கறக்கக் கூடாது. அல்லாஹ் இப்படி எதையும் ஏற்படுத்தவில்லை என்று 5:103 மறுக்கிறது. 4:119இல் ஷைத்தான் சபதம் எடுக்கிறான்: நான் அவர்களை ஏவுவேன், அவர்கள் கால்நடைகளின் காதுகளை அறுப்பார்கள், நான் ஏவுவேன், அவர்கள் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவார்கள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது என்றால் அவனுடைய மார்க்கத்தை மாற்றுவது என்று ஆரம்பகாலத் தஃப்சீர் (குர்ஆன் விளக்கவுரை) அறிஞர்கள் சிலர் பொருள் சொன்னார்கள். இப்போது ஹதீஸைத் திரும்பப் படித்துப் பாருங்கள். குட்டி முழுமையாகப் பிறக்கிறது. மனிதன் கத்தியோடு வருகிறான். தன் சமூகம் எதைக் கும்பிடுகிறதோ அதன் அடையாளத்தை அதன் காதில் போடுகிறான். நபி (ஸல்) அவர்கள் பேசிய அரபிகள் இந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம், இந்தச் சொல் எந்தச் சூழலில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அஸ்வத் பின் ஸரீஃ (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒரு போரில் சிலர் எல்லை மீறிக் குழந்தைகளையும் கொன்றுவிட்டார்கள். செய்தி நபியவர்களுக்கு எட்டியது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டார்கள். "அல்லாஹ்வின் தூதரே, அவர்கள் இணைவைப்பவர்களின் (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்குபவர்களின்) பிள்ளைகள்தானே" என்றார் ஒருவர். "உங்களில் சிறந்தவர்களே இணைவைப்பவர்களின் பிள்ளைகள்தானே!" என்றார்கள் நபியவர்கள். பிறகுதான், ஒவ்வோர் உயிரும் ஃபித்ராவின் மீதே பிறக்கிறது, அதன் நாவு பேசத் தொடங்கும் வரை அப்படியே இருக்கிறது என்று சொன்னார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனால் போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபியவர்கள் தடுத்தது இப்னு உமர் (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் உறுதியாக இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பயான்களில் ஃபித்ரா ஹதீஸ் பெரும்பாலும் அடுத்த மதத்தவரை நோக்கி, "நீங்களும் ஒரு காலத்தில் எங்கள் ஆள்தான்" என்கிற தொனியில் சொல்லப்படுகிறது. ஹதீஸின் வேகமோ வேறு பக்கம் போகிறது. அது முதலில் குழந்தைகளுக்கு அரணாக நிற்கிறது. யாருடைய பிள்ளை என்று பார்த்து ஒரு குழந்தையின் மதிப்பைத் தீர்மானிக்காதே என்கிறது. அடுத்ததாக அது பெற்றோரைக் கேள்வி கேட்கிறது. அதில் முஸ்லிம் பெற்றோரும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, முதல் கேள்வி. எல்லோரும் முஸ்லிமாகப் பிறக்கிறார்களா?

இதில் ஆரம்பத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. ஃபித்ரா என்றால் இஸ்லாம்தான் என்றவர்கள், ஹதீஸின் வாசகத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். யூதராக்குகிறார்கள், கிறித்தவராக்குகிறார்கள், நெருப்பு வணங்கியாக்குகிறார்கள் என்று வருகிறதே தவிர முஸ்லிமாக்குகிறார்கள் என்று வரவில்லையே என்றார்கள். முஸ்லிம் நூலின் ஓர் அறிவிப்பில் ஃபித்ரா என்பதற்குப் பதிலாக "இந்த மார்க்கத்தின் மீது" என்றே வருகிறது. ஆனால் அதே முஸ்லிமில் இன்னொரு அறிவிப்பு, "பெற்றோர் இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் குழந்தையும் முஸ்லிம்" என்று முடிகிறது. பிறவியிலேயே முஸ்லிம் என்றால் பெற்றோரைச் சார்ந்து முஸ்லிமாவது எப்படி? எதிர்த்தரப்புக்கு இது வலுவான பிடி.

சட்டச் சிக்கலும் இருந்தது. இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் பின் ஹஸன் அஷ்ஷைபானியிடம் (இறப்பு 805) அபூஉபைத் என்ற அறிஞர் இந்த ஹதீஸைப் பற்றிக் கேட்டார். இது இஸ்லாத்தின் தொடக்க காலத்தில், கடமைகள் இறங்குவதற்கு முன்பு சொல்லப்பட்டது என்றார் அவர். அதை அபூஉபைத் விளக்கினார்: ஒரு யூதக் குழந்தை பிறந்து சில நாளில் இறந்துவிட்டால், அது முஸ்லிமாக இறந்தது என்று வைத்தால், யூதப் பெற்றோர் அதற்கு வாரிசாக முடியாமல் போகும். ஆனால் நடைமுறைச் சட்டம் பெற்றோரை வாரிசாக ஏற்கிறது. ஆகவே பிறக்கிற குழந்தைக்கு இவ்வுலகச் சட்டத்தில் முஸ்லிம் என்ற அந்தஸ்து கிடையாது. பிற்கால அறிஞர்கள் பலர், ஹதீஸ் சட்டம் மாறியதைப் பற்றிப் பேசவில்லை, இயல்பைப் பற்றிய செய்தியைச் சொல்கிறது என்று ஷைபானிக்கு மறுமொழி சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனாலும் அவர் கிளப்பிய சிக்கல் முக்கியமானது.

குர்துபாவில் பிறந்த இப்னு அப்தில் பர்ரு (இறப்பு 1071) இந்த ஹதீஸுக்கு வந்த விளக்கங்களையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, ஃபித்ரா என்றால் குறையற்ற தன்மை, முழுமை என்ற முடிவுக்கு வருகிறார். முழுமையாகப் பிறந்த குட்டியைப் போல, குழந்தை ஈமானும் (நம்பிக்கையும்) இல்லாமல் குஃப்ரும் (நிராகரிப்பும்) இல்லாமல், எதையும் ஏற்கக்கூடிய நலமான நிலையில் பிறக்கிறது. இதற்கு அவர் காட்டும் ஆதாரம் 16:78: உங்கள் தாய்மாரின் வயிறுகளிலிருந்து நீங்கள் எதையும் அறியாதவர்களாக இருக்கும் நிலையில் அல்லாஹ் உங்களை வெளிக்கொண்டு வந்தான். எதையும் அறியாத ஒன்றை முஸ்லிம் என்றோ காஃபிர் (நிராகரிப்பவர்) என்றோ எப்படிச் சொல்வது?

இப்னு தைமிய்யா (1263–1328) இதை ஏற்கவில்லை. குழந்தை வெறும் வெற்றுப் பலகை, நன்மைக்கும் தீமைக்கும் ஒரே தூரம் என்றால், ஹதீஸில் பெற்றோரைக் குறைசொல்லும் தொனி ஏன் வருகிறது? காது அறுபட்ட குட்டியின் உவமைக்கு என்ன பொருள்? அறுபடுவது ஒரு சேதம். சேதம் என்றால் அதற்கு முன்னால் ஒரு சரியான நிலை இருந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், குழந்தை பிறந்தவுடன் இஸ்லாத்தை அறிந்திருக்கிறது என்றும் அவர் சொல்லவில்லை. 16:78 அவருக்கும் தெரியும். அவர் சொல்வது, ஃபித்ராவில் ஒரு நாட்டம் இருக்கிறது, தடை எதுவும் வராவிட்டால் அது வளர வளரப் படைத்தவனை அறிவதிலும் நேசிப்பதிலும் போய்ச் சேரும் என்பது. அவருடைய மாணவர் இப்னுல் கைய்யிம் (இறப்பு 1350) இதற்குக் காட்டும் உதாரணம் பால். பிறந்த குழந்தைக்குப் பால் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் அது தன் உடலுக்கு ஏற்றதைத் தேடுகிறது.

நான் இந்தக் கருத்தின் பக்கமே நிற்கிறேன். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: குழந்தை கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொன்ன முஸ்லிமாகப் பிறப்பதில்லை. அல்லாஹ்வின் பக்கம் சாய்ந்த இயல்போடு பிறக்கிறது. "என் அடியார்கள் அனைவரையும் நேரிய வழியில் சாய்ந்தவர்களாகவே படைத்தேன், ஷைத்தான்கள் வந்து அவர்களை மார்க்கத்திலிருந்து திருப்பிவிட்டார்கள்" என்று இயாழ் பின் ஹிமார் (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸியும் (அல்லாஹ்வின் சொல்லாக நபியவர்கள் அறிவித்ததும்) இதோடு பொருந்துகிறது.

இதற்கு எதிராக எப்போதும் எழுப்பப்படுவது, மூஸா (அலை) சந்தித்த கிழ்ரு (அலை) கொன்ற சிறுவனின் விவகாரம். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வருவது. அந்தச் சிறுவன் காஃபிராக முத்திரையிடப்பட்டிருந்தான் என்று உபை பின் கஅப் (ரலி) வழியாக முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. அப்படியென்றால் ஃபித்ரா எல்லோருக்கும் இல்லையா? முத்திரையிடப்பட்டான் என்பதற்கு, அவன் வளர்ந்தால் நிராகரிப்பான் என்று விதியில் எழுதப்பட்டிருந்தது என்று பொருள். பிறக்கும்போதே உள்ளே நிராகரிப்பு இருந்தது என்று பொருளல்ல என்பது இப்னு தைமிய்யாவின் பதில். விதி பற்றிய இதே விவாதம் இமாம் மாலிக் (இறப்பு 795) காலத்திலேயே சூடாக இருந்தது. விதியை மறுப்பவர்கள் ஃபித்ரா ஹதீஸை நமக்கு எதிராகக் காட்டுகிறார்களே என்று அவரிடம் கேட்டபோது, ஹதீஸின் கடைசிப் பகுதியைக் காட்டுங்கள் என்றார். சிறுவயதில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது "அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்று நபியவர்கள் சொன்ன பகுதியை. விதியைப் பற்றி இங்கே இதற்கு மேல் போகவில்லை. அது தனிக் கடல்.

ஃபித்ரா ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், தத்துவ விவாதங்களைவிட ஸைத் பின் அம்ரு பின் நுஃபைலின் வாழ்க்கையைப் பாருங்கள். உமர் (ரலி) அவர்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொர்க்கத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸஈத் பின் ஸைதின் தந்தை. முஹம்மத் (ஸல்) அவர்களுக்கு வஹீ (இறைச்செய்தி) வருவதற்கு முன்பே இறந்துபோனவர். அவருக்கு வேதம் இறங்கவில்லை. சுற்றிலும் சிலைகள். அப்படியிருந்தும், சிலைகளுக்காக அறுத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்றார். மக்காவின் குறைஷிக் குலத்தாரைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி புகாரியில் இருக்கிறது: ஆட்டைப் படைத்தவன் அல்லாஹ், வானத்திலிருந்து அதற்குத் தண்ணீர் இறக்கியவன் அவன், பூமியிலிருந்து அதற்குப் புல் முளைக்க வைத்தவன் அவன், அப்புறம் நீங்கள் அதை வேறு பெயர் சொல்லி அறுக்கிறீர்களே?

ஒருவன் தன் பெண் குழந்தையை உயிரோடு புதைக்கப் போனால் இவர் போய் நிற்பார். கொல்லாதே, இவள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொள்வார். வளர்ந்த பிறகு தந்தையிடம் போய், வேண்டுமானால் இவளைத் தருகிறேன், இல்லையென்றால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். பெண் குழந்தையைப் புதைப்பது தவறு என்று அவருக்கு எந்த வசனம் சொன்னது? அவருடைய ஊர் முழுக்க அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது. காதில் கத்தி விழாத மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால் அவர் கதையின் மறுபாதியும் இருக்கிறது. அவர் மார்க்கத்தைத் தேடி ஷாமுக்கு (சிரியாப் பகுதிக்கு) போனார். ஒரு யூத அறிஞரையும் ஒரு கிறித்தவ அறிஞரையும் சந்தித்துக் கேட்டார். இருவரும் இப்ராஹீமின் மார்க்கத்தை அவருக்குச் சுட்டிக்காட்டினார்கள். நான் இப்ராஹீமின் மார்க்கத்தில் இருக்கிறேன் என்று கைகளை உயர்த்திச் சாட்சி சொல்லிவிட்டு மக்காவுக்குத் திரும்பினார். அதற்கு மேல் என்ன செய்வது? கஅபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இறைவா, எந்த முறை உனக்கு மிகவும் பிரியமானது என்று தெரிந்தால் அப்படியே உன்னை வணங்குவேன், ஆனால் எனக்குத் தெரியவில்லையே என்பார். பிறகு தன் உள்ளங்கையில் நெற்றியை வைத்து ஸுஜூது (சிரவணக்கம்) செய்வார் என்று இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாற்றில் வருகிறது. ஃபித்ராவின் எல்லை இதுதான். படைத்தவன் ஒருவன் என்பது வரை, பெண் குழந்தையைப் புதைப்பது அநியாயம் என்பது வரை அது அவரைக் கொண்டுவந்துவிட்டது. எத்தனை வேளை, எப்படித் தொழுவது என்பதை வஹீதான் சொல்ல முடியும். அந்நூர் அத்தியாயத்தின் 35ஆவது வசனத்தில், நெருப்பு தொடாமலேயே ஒளிவிடப் பார்க்கும் எண்ணெயைப் பற்றி வருகிறதே, அதை ஃபித்ராவுக்கும், அதன்மேல் சேரும் ஒளியை வஹீக்கும் பொருத்திச் சொன்ன அறிஞர்கள் உண்டு. ஸைதுக்கு எண்ணெய் இருந்தது.

ஃபித்ரா மூடிப்போன மனிதர்களிடமும் ஆபத்து நேரத்தில் அது எட்டிப் பார்க்கிறது என்கிறது குர்ஆன். கப்பலில் ஏறியவர்கள் புயலில் சிக்கினால் அல்லாஹ்வை மட்டும் கலப்பில்லாமல் அழைக்கிறார்கள், கரைக்கு வந்ததும் மறுபடி இணைவைக்கிறார்கள் என்று 29:65 சொல்கிறது. இதை அனுபவித்த மனிதர் ஒருவரும் வரலாற்றில் இருக்கிறார். அபூஜஹ்லின் மகன் இக்ரிமா, மக்கா வெற்றியின்போது (630) தப்பி ஓடிக் கப்பல் ஏறினார். காற்று அடித்தது. கலப்பில்லாமல் அல்லாஹ்வை அழையுங்கள், உங்கள் தெய்வங்கள் இங்கே உதவாது என்றார்கள் கப்பல்காரர்கள். கடலில் காப்பாற்றாதது கரையில் மட்டும் எப்படிக் காப்பாற்றும் என்று அவருக்கு உறைத்தது. திரும்பி வந்து நபியவர்களின் கையில் கை வைத்தார் என்று நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மனிதன் பிறவியிலேயே நல்லவனா?

பிறவிப் பாவம் என்பது இஸ்லாத்தில் கிடையாது. ஆதம் (அலை) தவறினார்கள், அல்லாஹ்விடமிருந்து சொற்களைக் கற்று தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான் (2:37). கணக்கு அங்கேயே தீர்ந்தது. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று 6:164 சொல்லிவிடுகிறது. குழந்தை கறையோடு வரவில்லை.

ஆனால் இதை வைத்து, மனிதன் தூய்மையின் வடிவம், சமூகம்தான் அவனைக் கெடுத்தது என்று போய்விடக் கூடாது. அதே குர்ஆன் மனிதனைப் பற்றி எவ்வளவு கறாராகப் பேசுகிறது என்று பாருங்கள். பலவீனனாகப் படைக்கப்பட்டான் (4:28). அவசரக்காரன் (17:11). பதற்றக்காரனாகப் படைக்கப்பட்டான், கஷ்டம் வந்தால் துடிக்கிறான், வசதி வந்தால் கையை இறுக்கிக்கொள்கிறான் (70:19-21). அமானிதத்தை (அல்லாஹ் ஒப்படைத்த பொறுப்பை) சுமந்துகொண்ட அவன் பெரும் அநியாயக்காரன், பெரும் அறிவீனன் (33:72). இதெல்லாம் ஃபித்ராவுக்கு முரணா? இல்லை. பலவீனம் வேறு, கெட்ட இயல்பு வேறு. அழகிய அமைப்பில் படைத்தோம், பிறகு தாழ்ந்தவர்களில் தாழ்ந்தவனாக ஆக்கினோம், ஈமான் கொண்டு நற்செயல் செய்தவர்களைத் தவிர என்று 95ஆவது அத்தியாயம் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறது. 91ஆவது அத்தியாயம் இன்னும் தெளிவு: நஃப்ஸுக்கு (மனித உள்ளத்துக்கு) அதன் தீமையையும் இறையச்சத்தையும் அவன் உணர்த்தினான், அதைத் தூய்மைப்படுத்தியவர் வென்றார், அதைப் புதைத்தவர் தோற்றார். தீமையைத் தூண்டும் நஃப்ஸு (12:53), தன்னையே பழிக்கும் நஃப்ஸு (75:2), அமைதியடைந்த நஃப்ஸு (89:27) என்று குர்ஆன் பேசும் மூன்று நிலைகளும் ஒரே மனிதனுக்குள் நடப்பவை. தப்பு செய்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறோமே, அந்த நடு நிலையில் ஃபித்ரா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அது அழியுமா? அல்லாஹ்வின் படைப்பில் மாற்றம் இல்லை என்ற வசனத்தை வைத்து, அழியாது, மூடத்தான் படும் என்பார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. அடியான் ஒரு பாவம் செய்தால் கல்பில் (இதயத்தில்) ஒரு கரும்புள்ளி விழுகிறது. விலகி தவ்பா செய்தால் துடைக்கப்படுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி பெருகிக் கல்பையே மூடிவிடுகிறது. துடைத்தால் போகிற கறை என்பதில்தான் தவ்பாவின் மொத்த நம்பிக்கையும் நிற்கிறது.

இப்போது பெற்றோர் விஷயம். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தன் அறிவுத் தேடலைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் ஒன்றைச் சொல்கிறார். கிறித்தவப் பிள்ளைகள் கிறித்தவர்களாகவே வளர்வதைப் பார்த்தேன், யூதப் பிள்ளைகள் யூதர்களாகவே வளர்வதைப் பார்த்தேன், முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவே வளர்வதைப் பார்த்தேன். இந்த ஹதீஸையும் கேட்டேன். பெற்றோரையும் ஆசிரியரையும் பின்பற்றி ஒட்டிக்கொண்டவற்றைத் தாண்டி, அந்த அசல் ஃபித்ரா என்னவென்று அறிய என் உள்ளம் தவித்தது என்கிறார். முஸ்லிம் பிள்ளைகளையும் அவர் அந்த வரிசையில் வைத்ததை கவனியுங்கள். தன் ஈமானே பிறப்பால் வந்த பழக்கம்தானா, உணர்ந்து ஏற்றதா என்று அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டார். ஹதீஸை இப்படிப் படிக்கத் தைரியம் வேண்டும்.

நாமோ குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம், பெயர் வைக்கிறோம், ஐந்து வயதில் மதரஸாவுக்கு அனுப்புகிறோம், கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தக் குழந்தை வீட்டில் பொய்யைக் கேட்டு வளர்ந்தால், வேலைக்காரரை மரியாதையில்லாமல் பேசுவதைப் பார்த்து வளர்ந்தால், தொழுகையை அடியாகவும் திட்டாகவும் மட்டுமே அறிந்தால், முஸ்லிம் பெயரோடு அதன் காதும் அறுபடத்தான் செய்கிறது. பொய் சொல்லும்போது முதன்முதலில் ஒரு குழந்தை தடுமாறும் பாருங்கள், அந்தத் தடுமாற்றத்தைப் பாதுகாப்பதுதான் வளர்ப்பு. ஃபித்ராவைப் பெற்றோர் புதிதாகக் கொடுக்கத் தேவையில்லை. கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உடல் சுத்தத்தையும் ஹதீஸ்கள் ஃபித்ரா என்றே சொல்கின்றன என்பதை இங்கே ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். கத்னா (நம் பக்கம் சுன்னத்து என்பது), மீசையைக் கத்தரிப்பது, நகம் வெட்டுவது, அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குவது ஆகிய ஐந்தும் ஃபித்ராவைச் சேர்ந்தவை என்கிறது ஒரு ஹதீஸ். ஆயிஷா (ரலி) வழியாக வரும் ஹதீஸில் இது பத்தாகிறது, மிஸ்வாக்கும் (பல் துலக்குவதும்) அதில் உண்டு. மிஃராஜ் (விண்ணேற்ற) இரவில் பாலும் மதுவும் வைக்கப்பட்டபோது நபியவர்கள் பாலை எடுத்ததற்கு, ஃபித்ராவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வானவர் ஜிப்ரீல் (அலை) சொன்னதும் இதே வகை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இன்று ஃபித்ரா என்ற சொல்லைத் தங்கள் ஊர்ப் பழக்கத்துக்கெல்லாம் முத்திரையாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளை வியாபாரம் செய்வது ஃபித்ராவுக்கு மாறு என்று ஒருவர் பேசுகிறார். நபியவர்களின் மனைவி கதீஜா (ரலி) வணிகம் செய்தவர் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பழக்கத்தையும் ஃபித்ராவையும் பிரித்துப் பார்க்க தத்துவ அறிஞர் இப்னு ஸீனா (இறப்பு 1037) ஒரு சோதனை சொல்லியிருக்கிறார். நீ இந்த உலகத்துக்குப் புத்தி முதிர்ந்த நிலையில் திடீரென்று வந்ததாக நினைத்துக்கொள். எந்தக் கருத்தையும் நீ கேட்டதில்லை, எந்தச் சமூகத்தோடும் பழகியதில்லை. இப்போது ஒரு விஷயத்தை எடுத்து மனதில் வை. அதைச் சந்தேகிக்க முடிகிறதா? முடிந்தால் அது ஃபித்ராவின் சாட்சியம் அல்ல. துனிசியாவின் ஸைத்தூனா கல்விக்கூடத்தைச் சேர்ந்த இப்னு ஆஷூர் (1879–1973), ஷரீஅத்தின் நோக்கங்களைப் பற்றி எழுதியபோது இந்தச் சோதனையை எடுத்துக்காட்டினார். ஷரீஅத் முழுவதுமே ஃபித்ராவின் மீது கட்டப்பட்டது என்று சொன்ன அவரே, வெறும் வழக்கத்தை ஃபித்ரா என்று தவறாக எடுத்துக்கொள்ளாமலிருக்க இவ்வளவு கவனம் எடுத்தார்.

அதேபோல, என் மனசுக்குச் சரியென்று பட்டது, அதனால் அது ஃபித்ரா என்பதும் செல்லாது. "உன் இதயத்திடம் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேள்" என்று நபியவர்கள் வாபிஸா (ரலி) அவர்களிடம் சொன்னது உண்மை. நன்மை என்பது உள்ளம் அமைதியடைவது, பாவம் என்பது நெஞ்சில் உறுத்துவது, மக்கள் உனக்கு ஃபத்வா கொடுத்தாலும் சரியே என்றார்கள். ஊரே அனுமதித்தாலும் உறுத்துவதை விட்டுவிடு என்று அந்த ஹதீஸ் மனிதனைக் கட்டுப்படுத்துகிறது. விருப்பப்பட்டதற்கு அனுமதி கொடுக்க அதை எடுக்க முடியாது.

குழந்தைகள் இயல்பாகவே எல்லாவற்றிலும் நோக்கத்தைத் தேடுகிறார்கள் என்று டெபோரா கெலெமன் போன்ற உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். பாறை ஏன் கூராக இருக்கிறது என்று கேட்டால், விலங்குகள் உரசிச் சொறிந்துகொள்வதற்காக என்பது போன்ற பதிலைச் சின்னப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை குழந்தை மனதுக்கு எளிதாக ஒட்டுவது என்று ஜஸ்டின் பேரட் எழுதியிருக்கிறார். நம்மவர்கள் இதைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, அறிவியலே ஹதீஸை நிரூபித்துவிட்டது என்கிறார்கள். ஆர்வமூட்டும் ஆய்வுகள்தான், படியுங்கள். ஆனால் இதே முடிவுகளை வைத்து, மதம் மூளையின் பக்கவிளைவு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹதீஸ் சொல்வது படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவை. அதை ஆய்வுக்கூடத்தின் தோளில் ஏற்றிவைக்கத் தேவையில்லை.

மூன்றாவது கேள்வி. முஸ்லிம் அல்லாதவர் வீட்டுக் குழந்தை இறந்தால்?

இவ்வுலகச் சட்டத்தில் குழந்தை பெற்றோரைச் சேர்ந்தது. அவர்கள் முறைப்படி அவர்கள் அடக்கம் செய்வார்கள், அவர்களே வாரிசு. மறுமையைப் பற்றி அறிஞர்களிடம் பல கருத்துகள் இருந்தன. அல்லாஹ்வே அறிந்தவன் என்று நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. மறுமையில் அவர்களுக்கு ஒரு சோதனை வைக்கப்படும் என்றவர்கள் உண்டு. பெற்றோரோடுதான் என்றவர்களும் உண்டு. ஆனால் புகாரியில் ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று இருக்கிறது. நபியவர்கள் தாம் கண்ட கனவைச் சொல்கிறார்கள். ஒரு பசுஞ்சோலை, அதில் மிக உயரமான ஒரு மனிதர், அவரைச் சுற்றி எக்கச்சக்கமான குழந்தைகள். அந்த மனிதர் இப்ராஹீம் (அலை), அந்தக் குழந்தைகள் ஃபித்ராவின் மீது இறந்தவர்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர், "அல்லாஹ்வின் தூதரே, இணைவைப்பவர்களின் குழந்தைகளுமா?" என்றார்கள். "இணைவைப்பவர்களின் குழந்தைகளும்தான்" என்று பதில் வந்தது.

இமாம் நவவி (இறப்பு 1277) எல்லாக் கருத்துகளையும் எடுத்துவைத்துவிட்டு, இந்த ஹதீஸையும், தூதரை அனுப்பாதவரை நாம் யாரையும் தண்டிப்பதில்லை என்ற 17:15 வசனத்தையும் காட்டி, அந்தக் குழந்தைகள் சொர்க்கவாசிகள் என்பதே சரியான கருத்து என்றும், ஆய்ந்தறிந்த அறிஞர்களின் நிலைப்பாடும் அதுவே என்றும் முஸ்லிமின் விரிவுரையில் எழுதியிருக்கிறார். பருவ வயதை அடையாத குழந்தைக்கே கடமை விதிக்கப்படாதபோது, பிறந்த குழந்தையை எதற்காகத் தண்டிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். நான் படித்து ஏற்றதும் இதையே. உங்களிடம் யாராவது, அதுவும் குழந்தையைப் பறிகொடுத்த ஒருவர், இதைக் கேட்டால் ஸமுராவின் இந்த ஹதீஸை முழுதாகச் சொல்லுங்கள்.